துறை அறிந்த நீகான்

சில ஆண்டுகளுக்கு முன்பு, உயர்நிலை வகுப்பு ஒன்றில் அகநானூற்றின் 255ஆம் பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். 'நீகான்' என்னும் சொல் வந்தது. நீகான் என்றால் மாலுமி என்று பலகையில் எழுதிவிட்டு அடுத்த அடிக்குச் சென்றேன். பின்வரிசையிலிருந்து மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, அந்த மாலுமி கப்பலோடு வந்தவரா, துறையிலிருந்து கப்பலுக்குப் போனவரா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது; அவன் சிரிக்கவில்லை. அவனுடைய தந்தையார் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பைலட்டுகளைக் கப்பலுக்கு ஏற்றிச் செல்லும் படகில் வேலை செய்பவர். கப்பலைக் கடல் கடந்து ஓட்டி வருபவர் ஒருவர், அதனைத் துறைக்குள் கொண்டுவருபவர் மற்றொருவர் என்பது அவன் வீட்டில் நாள்தோறும் புழங்கும் செய்தி. எனக்கோ அவ்வேறுபாடு அன்றுவரை தோன்றியதே இல்லை. நாளை சொல்கிறேன் என்று ஒத்திவைத்தேன். அந்த நாளை வருவதற்குள் அவன் பள்ளியை விட்டே போய்விட்டான். அவனுக்குச் சொல்ல வேண்டிய விடையை இப்போது ஆசிரியப் பெருமக்கள் முன் வைக்கிறேன்.

பாட்டின் பொருள்

இப்பாட்டு அகநானூற்றின் மணிமிடை பவளம் என்னும் பகுதியைச் சேர்ந்தது. பாடியவர் மதுரை மருதன் இளநாகனார். திணை பாலை. பொருள் தேடப் பிரிந்த தலைவனை நினைந்து தலைவி தோழியிடம் கூறுவது. பாலை என்றவுடன் வெந்த மணலும் வற்றிய சுனையும் ஆறலைப்போர் பதுங்கிய கவலை வழியும் நம் நினைவுக்கு வரும். இப்பாட்டில் அவற்றுள் ஒன்றும் இல்லை. தலைவன் சென்ற வழி கடல். பிரிவுக்குரிய திணையை நீரின்மேல் கொண்டு நிறுத்தியது இப்பாட்டின் முதற் சிறப்பு.

முற்பகுதி ஒரு கப்பலின் செலவு. நிலவுலகமே பெயர்ந்து கிளம்பியது போன்ற பெரிய வங்கம் புலால் நாறும் கடலைப் பிளந்துகொண்டு போகிறது. இரவு, பகல் என்று பாராமல், ஓரிடத்தும் தங்கவிடாமல், காற்று அதனைத் தள்ளுகிறது. மணல் குவிந்து உயர்ந்த அகன்ற துறையில், மாடத்தின்மேல் எரியும் தீயைக் கண்டு பக்கம் அறிந்து நீகான் அதனைச் செலுத்துகிறான். அத்தகைய கப்பலில் வினைமேற் போனவர் நம் காதலர் என்கிறாள் தலைவி.

பிற்பகுதி வீட்டின் காட்சி. நீர்வளம் மிக்க ஊர், கூதிர்க் காலம். புதரில் பகன்றை பூத்திருக்கிறது. பாகற்கொடி பழத்தோடு தொங்குகிறது. காவலுள்ள மனையின் மாடத்தில் இரவு நேரத்தில் வாடைக் காற்று வந்து மோதுகிறது. அதற்கு அறம் என்பதே இல்லை என்கிறாள். அழகு குன்றுகிறது, வளை கழலுகிறது. இந்நிலையை அவரிடம் போய்ச் சொல்லும் அன்புடையவர் ஒருவரைப் பெற்றால், நாள் பல கழியுமுன் அவர் வந்துவிடுவார் என்று சொல்லி முடிக்கிறாள்.

இவ்விரு பகுதியையும் இணைப்பது எது? கப்பலைப் பற்றிய அடிகள் தலைவனுக்கு அடையாக வந்தவை. அவன் சென்ற தொலைவையும் செலவின் அருமையையும் காட்டுகின்றன. இவ்வாறு சொல்லி நாம் மேலே சென்றுவிடுகிறோம். நானும் அவ்வாறே சொல்லிவந்தேன். இவ்விளக்கம் தவறன்று, ஆனால் போதாது. தொலைவைக் காட்டுவதே நோக்கமாயின் கடலும் காற்றும் போதுமே; துறையும் தீயும் நீகானும் எதற்கு? தலைவனைத் தொலைவுக்கு அனுப்பும் பாட்டு, கப்பலை நடுக்கடலில் விடாமல் துறையில் கொண்டுவந்து நிறுத்துவானேன்? இவ்வினாவுக்கு விடை காண நீகானின் தொழிலை அறிதல் வேண்டும்.

கடலோடி வேறு, துறைகாட்டி வேறு

கடலைக் கண்டு அஞ்சுவோர் நடுக்கடலையே மிகுதியும் அஞ்சுவர். கப்பல் நடத்துவோர் அஞ்சுவது கரையை. நடுக்கடலில் ஆழம் உண்டு. விலகிச் செல்ல இடமும் உண்டு. கரை நெருங்க நெருங்க ஆழம் குறையும், வழி ஒடுங்கும், மணல்திட்டும் பாறையும் நீருக்கடியில் மறைந்து கிடக்கும். ஓதம் ஏறும்போது ஒரு பக்கமும் வடியும்போது மறுபக்கமும் நீரோட்டம் இழுக்கும். ஆழம் குறைந்த நீரில் விரைந்து செல்லும் கப்பல், தான் மிதக்க வேண்டிய அளவைக் காட்டிலும் கீழே அமிழும். விரைவு மிகுந்தால் அமிழ்வும் மிகும். கப்பல் பெரிதாகப் பெரிதாக அதனை நிறுத்துவதும் திருப்புவதும் கடினமாகும். ஆயிரங்காதம் தவறாமல் வந்த கப்பல் கடைசிக் காதத்தில் கெட்டுப்போவது இதனால்தான்.

இக்கடைசித் தொலைவுக்கென்றே தனித்தொழில் ஒன்று தோன்றியது. அதைச் செய்பவரைத் துறைமுக வழிகாட்டி என்கிறோம். துறைமுகத்தார் வாயில் பைலட். சிங்கப்பூருக்கு ஆண்டுதோறும் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் வருகின்றன. அவற்றுள் 300 டன் மொத்தக் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ளவை, துறைமுக எல்லைக்குள் வழிகாட்டியின் துணையோடு செல்ல வேண்டும் என்பது பொதுவிதி. குறித்த இடத்தில் சிறிய படகு ஒன்று பெரிய கப்பலின் பக்கத்தை அணைகிறது. இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே வழிகாட்டி கயிற்றேணியைப் பற்றி ஏறுகிறார். ஏறும் உயரம் 9 மீட்டருக்கு மேற்பட்டால், கயிற்றேணியோடு கப்பலின் பக்கப்படியையும் சேர்த்து அமைத்தல் வேண்டும் என்று அனைத்துலக விதி கூறுகிறது. மழையிலும் இருளிலும் இவ்வேற்றம் உண்டு.

மேலே சென்றவர் சுக்கானைத் தம் கையில் வாங்கிக்கொள்வதில்லை. கப்பலின் தலைமை கேப்டனுக்கே உரியது. வழிகாட்டி வந்ததனால் அவருடைய பொறுப்பு நீங்கிவிடாது. வழிகாட்டி பக்கத்தில் நின்று, எத்தனை பாகை திரும்ப வேண்டும், எவ்வளவு விரைவு வேண்டும் என்று சொல்கிறார். இழுவைப் படகுகளுக்கும் சொல்கிறார். கேப்டனுக்குத் தம் கப்பல் தெரியும். வழிகாட்டிக்குத் துறை தெரியும். இவ்விரண்டு அறிவும் ஒரே இடத்தில் சில நாழிகை கூடி நிற்பதனால்தான் கப்பல் கரை சேருகிறது. சேர்ந்தபின் அவர் இறங்கிப் போய்விடுவார். பயணிகளுக்கு அவர் முகம் தெரியாது.

இவ்வறிவு தவறினால் விளைவது என்ன என்பதை நம் துறைமுகமே கண்டிருக்கிறது. 1983ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், கெப்பல் துறையிலிருந்து புறப்பட்ட 'எனிவெடாக்' என்னும் துளைக்கப்பலின் உயர்ந்த கோபுரம், செந்தோசாத் தீவுக்குச் செல்லும் கம்பிவண்டித் தடத்தில் சிக்கியது. இரண்டு வண்டிகள் கடலில் வீழ்ந்தன. ஏழு பேர் மாண்டனர். அக்கப்பலில் வழிகாட்டியும் இருந்தார். நீரின் ஆழம் மட்டும் துறையறிவு ஆகாது. தலைக்குமேல் செல்லும் கம்பியும் துறையைச் சேர்ந்ததே என்பதை அந்நாள் உணர்த்திற்று.

பழங்காலத்தில் உண்டா?

இத்தொழில் நீராவிக் கப்பலோடு வந்த புதுமை, சங்க காலத்தில் இதனைத் தேடுவது பொருந்தாது என்று ஒருவர் கூறலாம். கங்கையின் கிளையான ஊக்ளியாற்றில், இடம் மாறிக்கொண்டேயிருக்கும் மணல்திட்டுகளுக்கு இடையே கப்பல்களைக் கொண்டுசெல்லக் கிழக்கிந்தியக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டிலேயே தனி வழிகாட்டிகளை அமர்த்தியது. அது பாய்மரக் காலம். அதற்கும் மிக முற்பட்ட சான்று ஒன்று உண்டு.

கிறித்துவுக்குப் பிற்பட்ட முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் கடற்செலவு நூலை நாம் அறிவோம். நருமதையாற்றின் கழிமுகத்தில் இருந்த பாருகச்சம், அதாவது இன்றைய பரூச், புகுதற்கு அரிய துறை என்று அவர் எழுதுகிறார். வளைகுடாவின் வாயில் ஒடுங்கியது, ஓதம் கடுமையானது, திட்டுகள் பல. ஆதலின் அரசனுடைய பணியில் அமர்ந்த உள்ளூர் மீனவர்கள், திரப்பகா, கொட்டிம்பா எனப்படும் பெரிய படகுகளில் சௌராட்டிரக் கரை வரையில் எதிர்சென்று கப்பல்களைச் சந்திப்பார்கள். திட்டுகளுக்கு இடையே வழிகாட்டி, ஓதம் ஏறும்போது இழுத்துச் சென்று, அது வடியும்போது ஆழமான மடுக்களில் நிறுத்திவைத்து, குறித்த இடத்தில் கொண்டு சேர்ப்பார்கள். இன்றைய பைலட்டின் பணி முழுவதும் இச்செய்தியில் அடங்கியிருக்கிறது.

பெரிப்ளூஸ் இதனைத் தமிழகத்துத் துறைகளுக்குச் சொல்லவில்லை, பாருகச்சத்துக்கே சொல்கிறது. சோழமண்டலக் கரையின் துறைகளையும் அங்கே ஓடிய கலங்களையும் அந்நூல் வேறிடத்தில் குறிப்பிடினும், வழிகாட்டும் மீனவரை அங்கே குறிப்பிடவில்லை. ஆதலின் பாருகச்சத்தில் இருந்தது புகாரிலும் இருந்தது என்று உறுதி கூற இயலாது. ஆனால் பாட்டு எழுந்த காலத்தை ஒட்டிய காலத்தில், இந்தியக் கடற்கரையில், துறைக்கென்றே ஒரு வழிகாட்டி இருந்தான் என்பது உறுதியாகிறது. அவ்வளவே நமக்கு வேண்டுவது.

பக்கம் அறிதல்

இனிப் பாட்டுக்கு வருவோம். புலவர் நீகானைக் கடலோடு சேர்க்கவில்லை. கடலைப் பிளக்கும் வினை வங்கத்துக்கு உரியது. தள்ளும் வினை காற்றுக்கு உரியது. அவ்விடத்தில் மனிதனே இல்லை. மணல் உயர்ந்த துறை வந்தபின்புதான் மனிதன் வருகிறான். துறையைச் சொல்லி, அச்சொல்லை அடுத்தே நீகான் என்னும் சொல்லை வைக்கிறார் புலவர். 'துறைக்கண் நீகான்' என்று விரித்தாலும், 'துறையினது நீகான்' என்று விரித்தாலும், அவனுடைய இடம் துறையே ஆகிறது.

அடுத்து, அவன் செய்யும் வினையை நோக்குக. தீயைக் கண்டான் என்று புலவர் கூறவில்லை. தீயினால் மருங்கு அறிந்தான் என்னும் பொருள்படக் கூறுகிறார். மருங்கு என்பது பக்கம். கரையில் எரியும் தீ எல்லார் கண்ணுக்கும் தெரியும். அத்தீக்கு எந்தப் பக்கம் வழி, எந்தப் பக்கம் திட்டு என்பது துறையறிந்தவனுக்கே தெரியும். இன்றும் குறுகிய துறைவாயில்களில் இரண்டு விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக உயர்த்தி நிறுத்துகிறார்கள். இரண்டும் ஒரே நேராகத் தெரிந்தால் கப்பல் வழியில் இருக்கிறது. முன்விளக்கு ஒரு பக்கம் விலகித் தெரிந்தால் கப்பலும் வழியைவிட்டு விலகிவிட்டது என்று பொருள். மருங்கு அறிதல் என்பது இதுதான்.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் கலங்கரை விளக்கத்தை இவ்விடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏணி சார்த்தி ஏற வேண்டிய உயர்ந்த மாடம். அதன்மேல் இரவில் ஏற்றிய தீ, கடலில் ஓடும் கலங்களைக் கரைந்து அழைக்கிறது. கரைதல் என்பது அழைத்தல். சிலப்பதிகாரத்தில் வரும் கலங்கரை விளக்கம் என்னும் பெயரும் அப்பொருளதே. விளக்கு அழைக்கும், வழி சொல்லாது. அழைப்பைக் கேட்டு நேராக அதனை நோக்கி ஓடிய கப்பல் மணலில் ஏறிவிடும். உருத்திரங்கண்ணனார் விளக்கின் வினையைப் பாடினார்; மருதன் இளநாகனார் அவ்விளக்கைப் படிக்கும் மனிதனைப் பாடினார். 1851இல் ஏற்றிய ஹார்ஸ்பர்க் விளக்கும் 1855இல் ஏற்றிய ராபிள்ஸ் விளக்கும் நம் நீரிணையின் இரு வாயிலிலும் நிற்கின்றன. அவை நின்றும் வழிகாட்டிகளின் தேவை ஒழியவில்லை அன்றோ?

மேலைநாட்டு இலக்கியத்தில் இத்தொழிலைத் தாமே செய்து எழுதியவர் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன். 1859இல் மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகுகளுக்கு வழிகாட்டும் உரிமம் பெற்றவர் அவர். அவருடைய புனைபெயரே ஆழம் பார்ப்பவன் கூவும் அளவு. இரண்டு பாகம், அதாவது 12 அடி நீர் உண்டு என்பது பொருள். 1883இல் வெளிவந்த தம் நூலில், தொழில் கற்ற நாட்களை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். ஆற்றின் வடிவம் மனத்துக்குள் இருக்க வேண்டும். இருளில் கண் காட்டும் வடிவம் பொய். மனத்தில் உள்ள வடிவத்தை நம்பியே படகைச் செலுத்த வேண்டும் என்பது அவருக்கு ஆசான் கற்பித்த பாடம். பல அதிகாரங்களில் ட்வைன் விரித்த இதனை நம் புலவர் 'அறிந்து' என்னும் ஒரு வினையெச்சத்தில் வைத்துவிட்டார். ஆனால் ட்வைனின் வழிகாட்டி எவருக்கும் கட்டுப்படாத தனியரசன். நம் நீகானுக்குப் பெயரும் இல்லை, பெருமிதமும் இல்லை. அவன் ஒரு வேலையைச் செய்கிறான். பாட்டு அவனை விட்டு நகர்ந்துவிடுகிறது.

ஒரு மறுப்பு

இவ்விடத்தில் அறிஞர் ஒருவர் மறுக்கக்கூடும். நீகான் என்பதும் மீகான், மீகாமன் என்பனவும் ஒரு பொருட்சொற்கள். மரக்கலத்தைச் செலுத்துவோன் என்பதே பொருள். கப்பலோடு செல்பவனையே அச்சொற்கள் குறிக்கும். ஆதலின் துறைகாட்டி எனல் வலிந்து கொண்ட பொருள் என்பார். இம்மறுப்பை நான் எளிதாக ஒதுக்கவில்லை. சொல்லளவில் நின்றால் அவர் கூறுவதே சரி. நீகான் என்ற சொல் தன்னளவில் துறைகாட்டியை மட்டும் சுட்டும் என்று எவரும் நிறுவ முடியாது.

ஆனால் சொல்லின் பொருளை அகராதி மட்டுமா தருகிறது? அச்சொல் நிற்கும் இடமும் தருகிறது. கப்பலோடு நெடுந்தொலைவு வந்தவனே என்று கொண்டாலும், அவனைப் புலவர் காட்டுவது நடுக்கடலில் அன்று. துறையில், இரவில், தீயின் முன். கப்பலோடு வந்தவனாயினும் துறையிலிருந்து எதிர்சென்றவனாயினும், அவன் இங்கே செய்வது துறைகாட்டியின் வேலை. என் வாசிப்புக்கு இவ்வளவு போதும். மாணவன் கேட்ட கேள்விக்கு, இருவரில் எவர் என்று பாட்டு பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் கேள்வி எழ வேண்டிய இடத்தில்தான் எழுந்திருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு மாடம், இரண்டு காற்று

இப்போது முதலில் எழுப்பிய வினாவைத் திரும்பவும் எடுப்போம். கப்பலைத் துறையில் கொண்டுவந்து நிறுத்துவானேன்?

பாட்டில் காற்று இரண்டு முறை வீசுகிறது. முன்னே வீசுவது கப்பலை விரைந்து செலுத்தும் காற்று; பின்னே வீசுவது தலைவியை அலைக்கும் வாடை. மாடமும் இரண்டு முறை வருகிறது. முன்னே வருவது தீ எரியும் துறைமாடம். பின்னே வருவது வாடை மோதும் மனைமாடம். மனைமாடத்தில் வாடை வீசுவது இரவில். துறைமாடத்துத் தீயும் இரவிலேயே பயன்படும். சங்கப் புலவர் ஒரே சொல்லை ஒரு சிறு பாட்டுக்குள் இரண்டிடத்தில் வைத்தால் அதனைத் தற்செயல் என்று தள்ளுதல் தகாது. கப்பலின் உலகமும் வீட்டின் உலகமும் இப்பாட்டில் அளவெடுத்து எதிரெதிரே நிறுத்தப்பட்டுள்ளன.

காற்றுக்குக் காற்று உண்டு. மாடத்துக்கு மாடம் உண்டு. நீகானுக்கு எதிரே யார்? அங்கேதான் தலைவி, சொல்லோடு சென்று அவரைக் காணும் அன்புடையவர் வேண்டும் என்கிறாள். நீகானுக்கு ஈடாக நிற்க வேண்டிய ஆள் தூதுவன். அவன்தான் அவளுக்குக் கிடைக்கவில்லை.

தலைவனிடத்தில் குறை காணவில்லை அவள். அவர் மறந்துவிட்டார், அன்பிலர் என்று சொல்லவில்லை. சொல்பவர் இருந்தால் வருவார் என்றே நம்புகிறாள். வருவர் என்பதனோடு அவள் 'மன்' என்னும் இடைச்சொல்லைச் சேர்க்கிறாள். கழிவு, ஆக்கம், ஒழியிசை என மூன்று பொருளில் மன் வரும் என்பது தொல்காப்பியம். இங்கே ஒழியிசையாகக் கொண்டால் பாட்டு திறந்துகொள்கிறது: வருவார்தாம், ஆயினும் சொல்லுவார் இல்லையே. உலகம் பெயர்ந்தாற் போன்ற கப்பலுக்கு வலிமை இருக்கிறது, காற்று இருக்கிறது, கரையில் தீ எரிகிறது. அவ்வளவும் இருந்தும், பக்கம் அறிந்த ஒருவன் இல்லையேல் அது துறை சேராது. அவ்வாறே தலைவனிடத்தில் அன்பு இருக்கிறது. தலைவியின் வீட்டில் காத்திருப்பு எரிகிறது. இடையில் நின்று, இந்தப் பக்கம் வருக என்று சொல்லும் ஒருவர் இல்லை. கப்பலுக்கு உள்ள பேறு தனக்கு இல்லை என்பதே தலைவியின் உள்ளக்கிடை. அதனை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. கப்பலைத் துறையில் கொண்டுவந்து காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறாள்.

நீகான் என்றால் மாலுமி என்று எழுதிவிட்டு மேலே சென்றபோது நான் இழந்தது இதனைத்தான். மாலுமி என்பவன் இன்று கப்பலில் வேலை செய்யும் எவனும் ஆவான். எவனும் ஆகிவிட்டவன் தூதுவனுக்கு எதிரே நிற்க மாட்டான். அவன் நீங்கினால் பாட்டின் இரு பகுதியும் ஒன்றையொன்று பாராமல் தனித்தனியே கிடக்கும்.

காணப்படாத நீகான்

இக்கண்ணோடு பார்த்தால், நாம் பலகாலும் நடத்திய மற்றொரு பாட்டும் புதிய ஒளி பெறுகிறது. புறநானூற்றின் 30ஆம் பாட்டு. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. பெரிய கப்பல் ஒன்று, கூம்பில் விரித்த பாயைக் களையாமலும், ஏற்றிய சரக்கைக் குறைக்காமலும், காவிரியின் புகார் முகத்துக்குள் அப்படியே புகுந்துவிடுகிறது என்று அப்பாட்டில் ஒரு செய்தி வருகிறது. இதனைத் துறையின் சிறப்பைக் கூறும் இடமாகக் கொண்டு, ஆற்றுமுகம் அத்துணை ஆழமுடையது என்று விளக்குகிறோம். விளக்கம் நன்று.

ஆயினும், ஆழமுடைய துறை இருந்தால் மட்டும் எந்தக் கப்பலாவது பாயைச் சுருக்காமல் ஆற்றுமுகத்தில் புகுமா? ஆறு கடலோடு கலக்குமிடத்தில் மணல் தங்குவதும் திட்டு இடம் மாறுவதும் இயல்பு. நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று ஆழமாக இருக்கும் என்பதற்கு உறுதி என்ன? பாய் விரித்தபடி முழுச் சரக்கோடு ஒருவன் புகுகிறான் என்றால், இன்று, இந்நேரம், இவ்வழி ஆழமுடையது என்பது அக்கப்பலில் எவருக்கோ ஐயமறத் தெரிந்திருக்க வேண்டும். பாட்டில் நீகான் இல்லை. நீகானின் அறிவு இருக்கிறது.

இப்பாட்டு அறிவைப் பற்றியே தொடங்குகிறது என்பதையும் மறத்தலாகாது. ஞாயிற்றின் வழியையும் அதன் விரைவையும் காற்று இயங்கும் திசையையும் நேரிற் சென்று அளந்து வந்தவர்போல் இவ்வளவு என்று சொல்லவல்ல அறிஞர் உளர் என்கிறார் புலவர். அவர்களுக்கும் எட்டாதது நலங்கிள்ளியின் வலிமை. யானை தன் கவுளில் அடக்கிய கல்லைப்போல அது மறைந்திருக்கிறது. அவ்வாறு மறைந்த ஆற்றலைச் சொன்ன உடனே, மறைந்த ஆழத்தின்மேல் அச்சமின்றி வரும் கப்பலைக் காட்டுகிறார். வெளியே தெரிவது பாய், தெரியாதது ஆழம். வெளியே தெரிவது மன்னனின் அடக்கம். தெரியாதது அவன் வலிமை. இத்தொடர்பு, கப்பல் புகும் காட்சியை வெறும் நாட்டுவளமாகப் படித்துவிட்டால் நழுவிப்போகும்.

மாலுமி என்னும் சொல்

இறுதியாக, நான் பலகையில் எழுதிய அந்தச் சொல்லுக்கே ஒரு நீதி செய்ய வேண்டும். மாலுமி என்பது அரபு மொழியின் முஅல்லிம் என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பர். அரபுக் கடலோடிகள் கப்பலுக்கு வழி சொல்லும் வல்லுநனை அப்பெயரால் அழைத்தனர். மலாய் மொழியிலும் அச்சொல் மாலிம் என்று வழங்கியது. மலாக்கா அரசின் பழைய கடற்சட்டத்தில் கப்பலின் தலைவனான நக்கோடாவோடு மாலிமும் இடம்பெறுகிறான். கப்பலுக்கு உரியவன் ஒருவன், வழிக்கு உரியவன் மற்றொருவன் என்னும் வேறுபாடு இந்நீரிணையின் கரையில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சட்டத்தில் ஏறியிருந்தது. ஆதலின் மாலுமி என்னும் பொருளில் குற்றமில்லை. அதன் பழைய ஆழத்தை மறந்து, மேற்புறத்தை மட்டும் வழங்கியது என் குற்றம்.

முஅல்லிம் என்னும் அரபுச் சொல்லுக்கு நேர்ப்பொருள் கற்பிப்பவர் என்பது. கப்பலில் வழி சொல்பவனையும் பள்ளியில் பாடம் சொல்பவனையும் அம்மொழி ஒரே பெயரால் அழைத்திருக்கிறது. இதனைக் கொண்டு ஆசிரியர்களுக்குப் பெருமை சேர்க்க நான் விரும்பவில்லை. கடமையை நினைவூட்டவே விரும்புகிறேன். கோனார் உரையும் அகராதியும் கரையில் எரியும் தீயைப் போன்றவை. அவை எல்லார் கண்ணுக்கும் தெரியும். மாணவர் கண்ணுக்கும் தெரியும். தீ இருக்கிறது என்று சுட்டிக்காட்டுவதற்கு ஆசிரியர் வேண்டியதில்லை. அத்தீக்கு எந்தப் பக்கம் ஆழம் என்று அறிந்து சொல்லவே அவர் வேண்டும். நான் அன்று தீயைச் சுட்டிக்காட்டினேன். பக்கம் அறிந்திருந்தவன் பின்வரிசை மாணவன்.

அடுத்த முறை இப்பாட்டை நடத்தும்போதும், நீகான் என்றால் மாலுமி என்றே பலகையில் எழுதுவேன். எழுதிவிட்டு, "அவர் கப்பலோடு வந்தவரா, துறையிலிருந்து போனவரா?" என்று வகுப்பைக் கேட்பேன். இது என் கேள்வி அன்று, உங்களைப்போல் இங்கே அமர்ந்திருந்த ஒருவன் கேட்டது என்பதையும் சொல்வேன். அவர்கள் தாங்களே துறையிலிருந்து வீட்டு மாடம் வரை பாட்டைப் படித்து விடை காணட்டும்.